பஸ்ஸில் கரையும் நேரம் யாரு வூட்டு நேரம்?

பயணம் என்றதும் நம்ம எழுத்தாளர்களுக்கு ஒரு சிலிர்ப்பு வந்துவிடுகிறது. ஜன்னலோர சீட்டு, மடியில் புத்தகம், பின்னால் ஓடும் மரங்கள், பக்கத்தில் ஒரு சுவாரசியமான மனிதர். இறங்கும்போது கொஞ்சம் ஞானம். வாழ்க்கையே ஒரு பயணம்தானே என்று கடைசி வரியில் முடிச்சுப் போட்டுவிடலாம். எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் காலை நாலு மணிக்குச் செய்யாறு பக்கம் ஒரு ரோட்டோரத்தில், கழுத்தில் கம்பெனி டேக், கையில் டிபன் டப்பா, தூக்கம் கலையாத கண்ணோடு பஸ்ஸின் ஹெட்லைட் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்து நிற்கிற ஒரு பெண்ணிடம் போய், பயணம் மனசை விசாலமாக்கும் அம்மா என்று சொல்லிப் பாருங்கள். "போய்யா, வேற வேல இல்ல உனுக்கு" என்பாள். சரியான விமர்சனம் அதுதான்.

அவள் நிற்கிற அந்த நேரம், ஏறி உட்கார்ந்து போகிற நேரம், திரும்பி வருகிற நேரம், இதெல்லாம் யாருடையது? கம்பெனி சொல்லுது, உன்னுடையது. சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லுது. நான் சொல்கிறேன், அது திருடப்பட்ட நேரம். அதிலும் சேரிக்காரனிடமிருந்துதான் அதிகம் திருடப்படுகிறது.

இடத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரைக்கும், தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம் வரைக்கும் கம்பெனியோ கம்பெனி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான். நோக்கியா 2014 நவம்பரில் கதவைச் சாத்திக் கொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஆப்பிள் போன் கோர்க்கிறது. டெட்ராய்ட் என்று பட்டம் வேறு. இந்த டெட்ராய்ட்டுக்கு ஆள் எங்கிருந்து வருகிறது? வாலாஜாபாத், காஞ்சிபுரம், உத்திரமேரூர், வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, அரக்கோணம், திருத்தணி. ராத்திரி பகல் என்று பாராமல் இந்த ஊர்களையெல்லாம் சுற்றி, வெள்ளையும் மஞ்சளுமாகக் கம்பெனி பஸ்கள் ஆளை அள்ளிக் கொண்டு போகின்றன, அள்ளிக் கொண்டு வந்து கொட்டுகின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். பெரிய பொருளாதாரம் ஒன்றும் வேண்டாம், விரல்விட்டு எண்ணுகிற கணக்கு. செய்யாறு பக்கத்திலிருந்து ஒரகடம் போக ஒண்ணே முக்கால் மணி நேரம். திரும்பி வர ஒண்ணே முக்கால். நாளைக்கு மூன்றரை மணி. மாசம் 26 நாள் வேலை என்றால் 91 மணி. வருசத்துக்கு 1092 மணி. எட்டு மணி ஷிஃப்ட்டாக உடைத்துப் பார்த்தால் 136 ஷிஃப்ட். அதாவது வருசா வருசம் அய்ந்து மாசத்துக்கு மேல் சம்பளமில்லாத ஷிஃப்ட் ஒன்றை நாங்கள் பஸ்ஸுக்குள்ளேயே பார்த்துவிடுகிறோம். ரோட்டில் காத்திருக்கிற நேரமும், கேட்டில் செக்கிங்குக்கு நிற்கிற நேரமும் இதில் சேரவில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். நல்லது. அந்தப் பன்னிரண்டை எங்க ஊர் ஆளுக்குப் போட்டுப் பாருங்கள், பதினைந்தரை. மிச்சம் எட்டரை மணியில் தின்ன, கழுவ, பிள்ளை முகம் பார்க்க, தூங்க.

நான் ஆறு வருசம் அந்த பஸ்ஸில் போய்வந்தவன். அந்த நேரத்தை என்ன பண்ணினோம்?

போகும்போது தூக்கம். தூக்கம் என்று சொல்வது மரியாதைக்கு. முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் மண்டையில் ஒரு குத்து. கம்பெனி வாசலில் இறங்கும்போது நாற்பது பேர் நெற்றியிலும் கம்பித் தடம், நாமம் போட்ட மாதிரி. (உடையவர் பிறந்த ஊராச்சே!) கண் மூடியிருந்தாலும் இடம் உடம்புக்குத் தெரியும். பாலாற்றுப் பாலம் வந்தால் காற்று மாறும். வாலாஜாபாத் வந்தால் டீக்கடை வெளிச்சம் இமைமேல் படும். ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் திணறி நிற்கும்போது முழிப்பு வந்துவிடும், அது அலாரம். வாயில் எச்சில் ஒழுக, பக்கத்து ஆள் தோள்மேல் சாய்ந்து கிடந்தவன் சட்டென்று நிமிர்ந்து டேக்கைச் சரிசெய்துகொள்வான். அந்த நொடியில் அவன் முகத்தைப் பார்க்கணும். வேலைக்குள் போகிற முகம் வேறு.

திரும்பும்போது செல்போன். நான் வேலை பார்த்த இடத்தில் லைனில் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனவே பஸ் ஏறினதும்தான் வீட்டுச் சேதி. ஒரே நேரத்தில் இருபது பேர் பேசுவார்கள். "சாப்ட்டியா", "ஆயாவுக்கு மாத்திர குடுத்தியா", "குழு பணம் கட்டியாச்சா", "நாளைக்கி நான் பி ஷிஃப்ட்டு, நீ இஸ்கூலுக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வா". ஒரு பையன், கடைசி சீட்டு, அந்த மங்கலான லைட்டில் குரூப் 4 கைடு வைத்துப் படிப்பான். மூன்று வருசம் அதே கைடு. அட்டை போய், முதல் அத்தியாயம் போய், நடுவிலிருந்து படித்துக் கொண்டிருந்தான். இந்த நாட்டில் இன்னும் கவர்மென்ட் உத்தியோகம்தான் அவனுக்குச் சாதியைத் தாண்ட ஒரு பாலம். அந்தப் பாலத்தைக் கட்ட அவனுக்குக் கிடைத்த இடம் குலுங்குகிற ஒரு சீட்டு.

பெண்கள் கதை வேறு. எங்க தெரு அக்கா ஒருத்தர் சொன்னார்: "வூட்லயும் வேல, லைன்லயும் வேல. பஸ்ஸுலதாண்டா நான் கைய மடிச்சி வெச்சினு ஒக்கார்றேன். யாரும் எதுவும் கேக்கமாட்டான்." இதைக் கேட்டதும், பார்த்தீங்களா, பஸ் நேரமும் ஓய்வு நேரம்தான் என்று கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கையை மடித்து உட்காருவதற்கு ஒரு மனுசிக்கு ஓடுகிற பஸ்ஸின் சீட்டைத் தவிர வேற இடமே இல்லை என்றால், அது பஸ்ஸுக்குப் பெருமையா, நம்ம வீடுகளுக்கும் அந்தக் கம்பெனிக்கும் சிறுமையா? எந்தப் பக்கம் எதை எண்ணணும் என்று தெரிந்துகொண்டு கைதட்டுங்கள். சேரி ஆம்பளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். ஊர்ப் பெண்ணும் சேரிப் பையனும் பக்கம் பக்கமாக மூன்றரை மணி நேரம் உட்காருகிற ஒரே இடம் அந்த பஸ். கோயிலில் நடக்காதது, குளத்தங்கரையில் நடக்காதது அங்கே நடக்கும். பேச்சு, சிரிப்பு, இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. அதனாலேயே பஸ்ஸுக்குள் காவலும் உண்டு. எந்தப் பெண் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள் என்ற சேதி பஸ் போய்ச் சேருவதற்கு முன்னாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஜீன்ஸ் பேன்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுக் கொண்டு எங்க பொண்ணுங்களை மயக்குகிறார்கள் என்று ஒரு சாதித் தலைவர் மேடை மேடையாகப் பேசினதும், 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி எரிந்ததும் மறந்துபோகுமா? அந்த நெருப்பின் சூடு எங்க பஸ் வரைக்கும் வந்தது. கொஞ்ச நாள் பெண்கள் முன்பக்கம், ஆம்பளைகள் பின்பக்கம் என்று தானாகவே பிரிந்து போச்சு. பாமா 'கருக்கு' எழுதி முப்பது வருசம் தாண்டிவிட்டது. அதில் பக்கத்து சீட்டு நாயக்கர் அம்மா எங்கே இறங்கணும் என்று கேட்டு, சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேற சீட்டுக்குப் போவார். இப்போது எழுந்து போவதில்லை. கம்பெனி பஸ்ஸில் வேற சீட்டு காலி இருக்காது. அதனால் கேள்வியோடு நின்றுவிடுகிறது: "தம்பி எந்த ஊரு? ஊர்ல எங்க?"

சரி, கம்பெனியின் நியாயத்துக்கு வருவோம். ஒரு தரம் பஸ் பஞ்சர். முக்கால் மணி நேரம் லேட். அரை நாள் சம்பளம் வெட்டு. நாங்கள் ஆறேழு பேர் போய்க் கேட்டபோது அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸே ஃப்ரீயாத்தானப்பா உடறோம்." பஸ் அவர்களுடையது, காண்ட்ராக்ட் அவர்களுடையது, ரூட்டு அவர்கள் போட்டது, நேரம் அவர்கள் வைத்தது. பஞ்சர் மட்டும் எங்களுடையது! பஸ்ஸை விட்டுவிட்டால் லீவு. சொந்தச் செலவில் மூணு பஸ் மாறிப் போனாலும் கேட்டில் உள்ளே விடமாட்டான். இப்படி ஒருத்தன் சொன்ன இடத்தில் நிற்கணும், சொன்ன நேரத்துக்கு ஏறணும், சொன்ன இடத்தில்தான் இறங்கணும் என்றால், அந்த நேரத்துக்கு அவன்தானே எசமான்?

சட்டத்தைத் திறந்து பார்த்தால் வேடிக்கை. 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றது, நாளைக்கு 9 மணிக்கு மேல் கூடாது என்றது, இடைவேளையெல்லாம் சேர்த்து பத்தரை மணிக்குள் முடியணும் என்றது. எல்லாம் கேட்டுக்கு உள்ளே. கேட்டுக்கு வெளியே ஓடுகிற பஸ்ஸைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு சொல் கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களை மூட்டை கட்டிவிட்டுப் புதுத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேர் மாறிச்சு, பஸ் நேரம் கணக்கில் ஏறவில்லை.

ஆனால் அதே சட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கம்பெனி வண்டியில் போகும்போது அடிபட்டால் அது வேலையில் பட்ட அடியாகவே கொள்ளப்படும் என்று இ.எஸ்.அய். சட்டத்தில் 1966லேயே சேர்த்தார்கள். 2010 திருத்தத்தில், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் எப்படிப் போனாலும், வேலையோடு சம்பந்தம் இருந்தால், அது வேலை விபத்துதான் என்று ஆக்கினார்கள். புதுத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் இரவுக் காவலாளி, 2003 ஏப்ரலில் விடியற்காலை 3 மணி ஷிஃப்ட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு அய்ந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் செத்துப்போனவர். வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்தானே, இது வேலையின் போக்கில் நேர்ந்த சாவுதான், நஷ்டஈடு குடு என்றது நீதிமன்றம். இருபத்திரண்டு வருசம் கழித்து.

நல்ல தீர்ப்பு. குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வழியில் செத்தால் அது வேலை நேரம். சாகாமல் போய்ச் சேர்ந்தால் அது உன் சொந்த நேரம். ஒரே ரோடு, ஒரே பஸ், ஒரே சீட்டு. பக்கத்தில் உட்கார்ந்தவன் நசுங்கினால் அவன் வேலையில் இருந்தவன், காயமில்லாமல் நான் இறங்கினால் நான் ஊர் சுற்றப் போனவன். உயிரோடு இருக்கிறதுக்கு அபராதம் போடுகிற சட்டம் இது.

உலகத்தில் இதை யாரும் யோசிக்கவே இல்லையா? யோசித்தார்கள். 1931இல் ஜெனிவாவில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கக் கூண்டில் கால் வைக்கிற நொடியிலிருந்து, மேலே வந்து கூண்டை விட்டு இறங்குகிற நொடி வரைக்கும் வேலை நேரம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த உடன்படிக்கை கடைசி வரைக்கும் அமலுக்கு வரவில்லை என்பது வேற சோகம். ஆனால் நியாயம் தெளிவாக இருக்கு. கூண்டு முதலாளியுடையது, கூண்டுக்குள் நுழைந்தவன் முதலாளி பிடியில் இருக்கிறான், ஆகவே நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. 2015இல் அய்ரோப்பிய நீதிமன்றம் ஒரு ஸ்பானிய வழக்கில், நிலையான வேலையிடம் இல்லாத தொழிலாளி வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளர் இடத்துக்குப் போகிற நேரமும், கடைசி இடத்திலிருந்து வீடு திரும்புகிற நேரமும் வேலை நேரம்தான் என்றது. எங்க கேஸ் அப்படியே அதுவல்ல, தெரியும். கூண்டு என்பது மட்டும் எங்களுக்கும் பொருந்தும். எங்க கூண்டுக்கு நாலு சக்கரமும் ஒரு பதிவெண்ணும் இருக்கு, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாத் தொழிலாளிக்கும் பொது. இடதுசாரித் தோழர்கள் இங்கேயே நிறுத்திக் கொள்வார்கள். நம்மால் நிறுத்த முடியாது. நம்முடைய நடை நேரத்துக்குக் கூலி இல்லை என்பது ஹூண்டாய் வந்து கண்டுபிடித்ததா?

ஊரில் ஒரு சாவு விழுந்தால் சேதி சொல்ல யார் போனது? எங்க தாத்தா போனார். நடந்துதான். உறவுக்காரன் இருக்கிற ஒவ்வொரு ஊருக்கும், ராத்திரியானாலும் மழையானாலும். போய் வாசலில் நிற்காமல், தள்ளி நின்று, "ஆண்டே, இன்னார் தவறிட்டாங்க" என்று கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பணும். அதுக்கு மரக்கா நெல், ஒரு வாய்க் கூழ். நடந்த தூரத்துக்கா குடுத்தான்? தூரம் என்பது நம்ம சாதியின் கடமை. வெட்டி வேலை என்ற சொல்லுக்கே இன்றைக்கு அர்த்தம் சும்மா பொழுதுபோக்குவது என்று ஆகிவிட்டது. கூலியில்லாமல் வாங்கின வேலைக்குப் பேர் அது. செய்தவனைச் சோம்பேறி ஆக்கிவிட்டது தமிழ். திருப்பெரும்புதூர் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பூக்கூடை சுமந்து நடந்த திருக்கச்சி நம்பியின் கதை. இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் ஓடுகிற அதே வழி. அவரோடு பெருமாள் பேசினாராம். எங்க தாத்தாவோடு யாரும் பேசவில்லை, தெரு நாயைத் தவிர.

சாதி தூரத்தை நீட்டும். இது உவமை இல்லை, கிலோமீட்டர் கணக்கு. 1901இல் சின்னப் பையனாக இருந்த அம்பேத்கர், மசூர் ஸ்டேஷனில் இறங்கி அப்பாவைப் பார்க்கக் கோரேகான் போகணும். சாதி தெரிந்ததும் வண்டிக்காரன் எவனும் ஏற்றமாட்டேன் என்றான். இரட்டைக் கூலி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கணும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான், இதுதான் ஒப்பந்தம். மூன்று மணி நேர வழி என்றார்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்து மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார்கள். ரோட்டின் நீளம் அதேதான். சேரிப் பிள்ளைக்கு மட்டும் அது ஒரு ராத்திரி நீளம். நம்ம ரெட்டமலை சீனிவாசன், இதே செங்கல்பட்டு ஜில்லாக்காரர், 1924இல் சென்னைச் சட்டசபையில் பொதுச்சாலையில் எல்லாரும் நடக்கலாம் என்று தீர்மானம் போட்டு நிறைவேற்ற வேண்டியிருந்தது. ரோட்டில் நடப்பதற்குத் தீர்மானம்! பஸ் வந்தது, பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றான். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியன், ஏற்றாத முதலாளிக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் எழுதின பஸ் எங்க ஊருக்குள் வரக்கூடாது என்று தென்மாவட்டங்களில் கலவரம். அரசு என்ன பண்ணியது? எல்லாத் தலைவர் பேரையும் மொத்தமாக அழித்துவிட்டு நிம்மதியானது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி விடாததால் சேரிப் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே இருந்தது பாலாறு. நான் தினம் தாண்டிப் போன அதே பாலாறு.

இப்போது கேளுங்கள், ஏன் செய்யாற்றிலிருந்து வருகிறாய், ஒரகடத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கினால் என்ன என்று. எடுக்கலாம். நானும் என் சித்தப்பா மகனும் கம்பெனி பக்கத்துக் கிராமங்களில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். 'டு லெட்' பலகை இல்லாத தெரு இல்லை. வீட்டுக்காரர்கள் எல்லாரும் அன்பானவர்கள். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணி எப்போது வரும் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "சொந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? உங்க ஆளுங்க அங்க யாரு?" பதில் சொன்னதும் வீட்டுக்காரருக்கு மச்சினன் வரப்போவது ஞாபகத்துக்கு வந்துவிடும். நாலு வாரத்தில் ஏழு மச்சினன்கள். வடநாட்டுப் பையன்களுக்குக் குடுக்கிறான். அவன் சாதி இவனுக்குப் படிக்கத் தெரியாது. எங்க சாதி மட்டும் தமிழில் எழுதியிருக்கு. ஆக, அந்த மூன்றரை மணி நேரத்தில் பாதியைப் போட்டது கம்பெனி, பாதியைப் போட்டது அந்த வாசல்.

அந்த வாசலுக்குப் பின்னால் நிலம் இருக்கு. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதின அறிக்கையிலிருந்து வந்ததுதான் 1892ஆம் வருசத்துப் பஞ்சமி நில உத்தரவு. நம்ம பேருக்கு எழுதின நிலம் நம்ம கையில் எவ்வளவு மிஞ்சியது என்று யாருக்கும் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் விழுந்தார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் ஜில்லாவில் நிலத்தின் விலை ஏறத் தொடங்கியது. சிப்காட் நிலம் எடுத்தபோது பட்டாக்காரனுக்கு நஷ்டஈடு. அதே நிலத்தில் தலைமுறையாக நாற்று நட்டவளுக்கு? ஒன்றும் இல்லை. பட்டாக்காரன் பணத்தை வைத்து ரூம் கட்டி வாடகைக்கு விட்டான், லாரி வாங்கினான், பஸ் வாங்கிக் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஓட்டுகிறான். நான் போன பஸ்ஸின் ஓனர் அப்படி வந்தவர்தான். பஸ் ஊர்த் தெருமுனையில் நிற்கும். காலனி தாண்டித்தான் மெயின் ரோடு ஏறும், ஆனால் காலனியில் நிற்காது. "ஸ்டாப்பிங் லிஸ்ட்டுல இல்ல." லிஸ்ட் போட்டது யார்? நாங்கள் ஒரு கிலோமீட்டர் நடந்து ஊர் முனைக்குப் போய் ஏறி, அதே ரோட்டில் எங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போவோம். ஜன்னல் வழியாக எங்க அம்மா சாணி தெளிப்பது தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், பஸ் நேரம் என்பது வெறும் போக்குவரத்துப் பிரச்சினை இல்லை. அன்றைக்கு நிலத்தை வைத்திருந்தவன் இன்றைக்கு வாடகை வீட்டையும் பஸ்ஸையும் வைத்திருக்கிறான். நம்மிடம் அன்றைக்கும் இன்றைக்கும் இருந்தது நேரம் மட்டும்தான். அதையும் வழியிலேயே பிடுங்கிக் கொள்கிறார்கள்.

பயணத்தையே ஒழித்துவிட்டோமே என்று அரசு சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பை முதலமைச்சர் திறந்து வைத்தார். 706 கோடியே 50 லட்சம் ரூபாய். 18,720 படுக்கைகள். கவனியுங்கள், படுக்கை என்றுதான் எண்ணுகிறார்கள், வீடு என்று எண்ணவில்லை. ரோட்டில் அவர்களுக்கு நேரம் மிச்சம், அது உண்மை, அதைச் சின்ன விசயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊரையும் உறவையும் விட்டு வந்து படுக்கை எண்ணில் வாழ்கிற பெண், தினசரிப் பயணத்தை மாசத்துக்கு ஒரு தரம் சேர்த்து வைத்துப் போகிறாள், அவ்வளவுதான். விடுதி வாழ்க்கை எப்படி என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். பூவிருந்தவல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கின விடுதிச் சாப்பாட்டில் விசம் சேர்ந்து 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். பஸ் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்திருந்த ரோட்டில் முதல் தரம் உட்கார்ந்தார்கள். வண்டி நின்றது. ஏற்றுமதி நின்றது. அதுவரைக்கும் எத்தனையோ லட்சம் மணி நேரம் அந்தப் பெண்கள் அதே ரோட்டில் போய்வந்தபோது ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2024இல் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சாம்சங் தொழிலாளிகள் 37 நாள் நின்றதை நாம் எல்லாரும் தலைநிமிர்ந்து பார்த்தோம். சங்கம் வைக்கிற உரிமைக்கே அவ்வளவு போராட வேண்டியிருக்கிற இடத்தில் பஸ் நேரத்தைப் பேசுகிறாயே என்று கோபிக்காதீர்கள். நான் பார்த்த கோரிக்கைப் பட்டியல்களில் பஸ் என்றால் கட்டணம் பிடிக்காதே, ஏசி வை, இவ்வளவுதான். அரை மணிக்கு மேற்பட்ட பயணம் முழுக்க ஷிஃப்ட் கணக்கில் ஏறணும் என்று எழுதுங்கள். பஸ் லேட்டானால் வெட்டு கம்பெனிக்கு என்று எழுதுங்கள். காலனியில் நிற்காத பஸ்ஸுக்குக் காண்ட்ராக்ட் இல்லை என்று எழுதுங்கள். சௌந்தரபாண்டியன் காலத்திலேயே முடிந்தது இப்போது ஏன் முடியாது? சிப்காட் இடத்தில் படுக்கை இல்லை, குடும்பத்தோடு இருக்கிற வீடு வேண்டும், சாதி கேட்காத வாடகைக்கு என்று எழுதுங்கள். கடைசிக் கோரிக்கைக்கு உங்கள் கமிட்டிக்குள்ளேயே சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களில் வீட்டு ஓனர்கள் இருக்கலாம்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குப் போவதற்கு முன்னாடி ஒரு மாசம், ரூட்டுக்கு ஒரு ஆள், ஒரு நோட்டு. யார் எங்கே எத்தனை மணிக்கு வந்து நின்றார், எப்போது ஏறினார், எப்போது இறங்கினார், வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு எவ்வளவு தூரம் நடந்தார். காலனிக்காரர் நடந்ததைத் தனிப் பத்தியில் எழுதணும். தூங்கினவர் நேரத்தையும் விடாமல் எழுதணும். எங்க பஸ்ஸுக்கு அந்தக் குரூப் 4 பையன் ஒத்துக்கொண்டிருக்கிறான், கைடின் பின் அட்டையில் எழுத ஆரம்பித்துவிட்டான்.